கொம்பையாவின் தலைக்குள் ஓடிய தெருக்கள்

செங்கரைப்பேரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூன்று தெருக்களுக்குத் தண்ணீர் வரவில்லை. டேங்க் நிரம்பியிருந்தது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பேரூராட்சி ஆட்கள் வந்து மூன்று இடத்தில் தோண்டிப் பார்த்தார்கள், குழாய் உடைந்திருக்கவில்லை, அடைத்திருக்கவில்லை, வேர் ஏறியிருக்கவில்லை. சந்நிதித் தெரு முனை வரைக்கும் நல்லபடியாக வந்த தண்ணீர், கூப்பிடாத வீட்டு வாசலில் நிற்கும் சொந்தக்காரரைப்போல, அதற்குமேல் போக மனமில்லாமல் அங்கேயே நின்றது. அதே காலையில், ஐம்பது வருஷமாக அந்த ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் கொம்பையா, டேங்குக்கு அடியில் நீண்ட இரும்புச் சாவியை ஊன்றிக்கொண்டு நின்று, "சந்நிதித் தெருவா? நம்ம ஊர்லயா? அப்படி ஒரு தெரு இல்லையே" என்றார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. அவர் மனைவி பிரம்மசக்திக்கும் தோன்றவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்தத் தெருவில்தான் அவள் பிறந்தாள், அந்தத் தெருக் குழாயடியில்தான் அவர் அவளை முதன்முதலில் பார்த்தார்.

கொம்பையாவுக்கு எழுபத்து மூன்று வயது. ஓய்வு கொடுத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, ஆனால் ஊர் அவரை விடவில்லை, ஏனென்றால் ஊருக்குக் கீழே ஓடும் குழாய்களுக்கு வரைபடம் என்று ஒன்று கிடையாது. குழாய் பதித்த காண்ட்ராக்டர் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், வந்த அதிகாரிகள் எல்லோரும் இந்த வருஷம் கண்டிப்பாக வரைந்துவிடலாம் என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போனார்கள், பதித்த காலத்தில் கூடவே நின்று குழி பார்த்த கொம்பையாவின் தலையில் மட்டும்தான் எந்தக் குழாய் எந்த வேம்புக்கு அடியில் வளைந்து எந்த வீட்டுக் குளியலறைக்குக் கீழே மறைந்து போகிறது என்பது இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றால் போதும், கீழே தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வால்வையும் முழுதாக மூட மாட்டார், கடைசி அரைச் சுற்றை விட்டுவைப்பார். முழுக்க மூடினால் குழாய்க்குள் காற்று பிடித்துக்கொள்ளும், அப்புறம் திறந்தாலும் தண்ணீர் உள்ளே போகப் பயப்படும் என்பார். வால்வோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டுக் குழாயையும் சொட்டவிட்டுத்தான் வருவார், டம்ளரில் கொடுத்த தண்ணீரிலும் கடைசி ஒரு வாயை மிச்சம் வைப்பார். "ஊருக்கே தண்ணி விடுத மனுசனுக்கு வீட்டுக் குழாய இறுக்க மூடத் தெரியல" என்று பிரம்மசக்தி நாற்பத்தைந்து வருஷமாகத் திட்டிக்கொண்டே அந்தக் கடைசி வாயைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினாள்.

மறுநாள் அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துப்போய் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அந்த டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"வயசாக ஆக ரத்தக்குழாய் எல்லாம் விறைச்சுப் போகும்மா. மூளைக்குள்ள முடி மாதிரி சின்னச் சின்னக் குழாயா ஓடுது. அதெல்லாம் சுருங்குனா ரத்தம் போறது குறையும். ரத்தம் போகாத இடம் வாடிரும். ஐயாவுக்கு அதுதான்."

"அடைப்ப எடுத்துர முடியாதா தாயி?"

"ஒரு இடத்துல அடைப்புன்னா ஏதாவது செய்து பாக்கலாம். இது எல்லா இடத்துலயும் கொஞ்சங் கொஞ்சமா இருக்கு. மாத்திரை தாறேன், பிரஷர் ஏறாமப் பாத்துக்கோங்க, தினமும் நடக்க வைங்க, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. வயச நிறுத்த நம்மால முடியாது."

பிரம்மசக்தி பாதிதான் கேட்டாள். அவள் கண் படத்தின் மேலேயே இருந்தது. கழுத்திலிருந்து தடியாக ஏறிய கோடு டேங்கிலிருந்து வரும் பெரிய குழாய்; அது இரண்டாகப் பிரிந்த இடம் தேரடி; இடப்பக்கம் வளைந்து போனது சர்ச் தெரு, அதை ஒட்டிப் பள்ளிவாசல் தெரு, அந்தக் கடைசியில் நூல்போலத் தனியாகப் போனது எட்டே வீடு கொண்ட புதுக்காலனி. நடுவில் மூன்று கோடுகள் பாதியிலேயே நின்று இருட்டாகிப் போயிருந்தன. அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. பயமாக இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில், டாக்டரம்மா சொன்னாளே என்று, அவருக்குப் பேச்சுக் கொடுத்தாள். சந்நிதித் தெருவைப் பற்றித்தான் பேசினாள். அவள் பச்சைத் தாவணி கட்டிக்கொண்டு குழாயடியில் நின்றதையும், அவர் வால்வைத் திறந்துவிட்டுப் போகாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்ததையும், குடம் நிரம்பி வழிந்து தெருவே சகதியானதையும் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தவரின் காது மடல் சிவந்தது. ஆற்றுப்பாலம் தாண்டும்போது, "உங்க ஐயா கம்ப எடுத்துட்டுல்லா வந்தாரு" என்று சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் எதிரே வந்தாள். "மைனி, சங்கதி தெரியுமா? சந்நிதித் தெருவுல தண்ணி வந்துட்டு. நாலு மணி இருக்கும், குழாயெல்லாம் ஒரே இரைச்சல்." நாலு மணிக்குத்தான் பஸ் பாலம் தாண்டியது. பிரம்மசக்தி யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சொல்லித்தான் டீச்சரிடம் சொன்னாள். டீச்சரும் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சொல்லித்தான் எல்லோரிடமும் சொன்னாள்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஒருவரும் வாயைப் பிளக்கவில்லை. கரூரிலிருந்து புதிதாக வந்திருந்த நிர்வாக அலுவலர் மட்டும்தான், இது எப்படிங்க நடக்கும், மனுஷன் தலையும் தண்ணீர்க் குழாயும் ஒன்றா என்று கேட்டார். "சார், அம்பது வருசமா ஊரு அவர் தலைக்குள்ளதான் இருந்துச்சு. பொறகு வேற எங்க இருக்கும்?" என்று கிளார்க் சாவகாசமாகச் சொன்னார். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. குளத்துத் தண்ணீரை வயலுக்கு முறை வைத்துப் பாய்ச்சும் ஊர் அது, ஆகவே கொம்பையாவுக்கும் முறை வைத்தார்கள். திங்கள் தேரடி, செவ்வாய் சந்நிதித் தெரு, புதன் சர்ச் தெரு, வியாழன் கொம்பையா வீடு இருக்கும் கீழத்தெரு என்று எழுதி அவர் வீட்டுக் கதவிலேயே ஒட்டிவிட்டார்கள். அந்தந்தத் தெருக்காரர்கள் அவரவர் முறையில் வந்து, அவர் காலடியில் உட்கார்ந்து, தங்கள் தெருவை அவருக்கு ஞாபகப்படுத்திவிட்டுப் போகவேண்டும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஊருக்கு இதைவிடச் சுகமான வேலை எங்கே கிடைக்கும்?

வந்தார்கள், வல்லாரைத் துவையலும் முருங்கைக்கீரைச் சாறும் கொண்டுவந்தார்கள், உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்தார்கள், கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போய்த் தங்கள் தெருவை வாசல் வாசலாகக் காட்டினார்கள், எந்த வீட்டில் யார் ஓடிப்போனார்கள், யார் திரும்பி வந்தார்கள், எந்தக் கல்யாணத்தில் பாயசம் பத்தாமல் போய்ப் பந்தியில் அடிதடி ஆனது என்று சொன்னார்கள், சொல்லச் சொல்ல அவர் நெற்றியில் நரம்பு மெல்லத் துடித்தது, துடிக்கத் துடிக்கத் தண்ணீர் வந்தது. கதை எப்படியோ தண்ணீரும் அப்படி. தேரடியில் வம்புக்குப் பஞ்சமே இல்லையாதலால் மாடிக் குழாயிலும் பீறிட்டது. புதுக்காலனியில் ரிட்டையர் ஆனவர்கள் எட்டுப் பேர் மரியாதையாகக் குடியிருந்தார்கள், அங்கே இதுவரைக்கும் ஒன்றுமே நடந்ததில்லை, குழாயும் நூலாகத்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை அதில் இரண்டு பேர், ஒருவர் பேங்க் மேனேஜராக இருந்தவர், கொம்பையா முன்னால் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மாங்கிளைக்காகக் கெட்ட வார்த்தையில் சண்டை போட்டார்கள். பழக்கமில்லாததால் பேப்பரில் எழுதிவைத்துப் படித்தார்கள் என்று ஒரு பேச்சு. அன்றைக்குச் சாயங்காலம் எட்டு வீட்டுத் தொட்டியும் நிரம்பியது.

தலைக்கு ரத்தம் போகவேண்டும், அவ்வளவுதானே என்று யோசித்த தேரடிக்காரர்கள் நாலு பேர், பிரம்மசக்தி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவரைச் சுவரோரம் தலைகீழாக நிறுத்திவைத்தார்கள். ஊரில் மூடியிருந்த குழாய்கூடத் திறந்துகொண்டு கொட்டியது, பள்ளிவாசல் தெருவில் குழாய் வெடித்து ரோடு பிளந்தது, அவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. அவள் வந்து விளக்குமாற்றை எடுத்தாள். நாலு பேரும் ஓடியபிறகு அவரைப் படுக்கவைத்து மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டே அழுதாள்.

ஏனென்றால் ஊர் பார்க்காத ஒன்றை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஓடும் ரத்தம் கூடவில்லை. கைவசம் இருந்ததைத்தான் இங்கிருந்து எடுத்து அங்கே விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தெரு நனைந்தால் வேறெங்கோ ஓரிடம் காய்ந்தது, காய்ந்த இடமெல்லாம் இந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது. முதலில் அவள் வைக்கும் தீயல் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, யார் வைத்தது என்று கேட்டார். பிறகு திருப்பூரிலிருக்கும் மகள் தங்கக்கனி போனில் பேசினபோது, "யாரு பேசுதீய? தண்ணி வரலையா?" என்று மரியாதையாக விசாரித்தார். மகள் அந்தப் பக்கம் அழுதாள், இந்தப் பக்கம் இவர் தேரடிச் சுப்பையா வீட்டுத் தொட்டி எத்தனை அடி ஆழம் என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழத்தெரு முழுக்கத் தண்ணீர் வந்த வியாழக்கிழமைகளிலும் அவர்கள் வீட்டுக் குழாய் மட்டும் மெலிந்துகொண்டே வந்தது. தெருக் கதையைச் சொல்ல முப்பது வீட்டு ஆட்கள் இருந்தார்கள். இந்த வீட்டுக் கதையைச் சொல்ல அவள் ஒருத்திதான், அவளுக்கோ வந்தவர்களுக்குக் காப்பி போடவே நேரம் சரியாக இருந்தது.

சித்திரை பிறந்து வெயில் ஏறிய ஒரு நாள், சர்ச் தெருக்காரர்கள் போனபிறகு, அவள் சோற்றைப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் அவளை நன்றாகப் பார்த்தார். அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க தாயி. நீங்க எந்தத் தெரு?"

அவள் பிசைந்த சோற்றைக் கீழே வைத்தாள். நாற்பத்தைந்து வருஷமாக அவளை 'ஏளா சத்தி' என்று கூப்பிட்ட வாய் அது.

மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். எனக்கும் ஒரு முறை வேண்டும் என்று கேட்டாள். நிர்வாக அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க தெருவுக்கு வியாழக்கிழமை இருக்கேம்மா" என்றார்.

"தெருவுக்கு இருக்கு சார். எனக்கு இல்ல."

"வாரத்துக்கு ஏழு நாள்தானேம்மா? யார்கிட்ட இருந்து எடுத்து உங்களுக்குத் தர்றது, நீங்களே சொல்லுங்க." அவர் கெட்டவரில்லை, நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. பிரம்மசக்தி வீட்டுக்கு வந்து, கதவில் ஒட்டியிருந்த முறைத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. மூன்று நாளும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னாள். பச்சைத் தாவணியைச் சொன்னாள், கல்யாணத்தன்று மழை பெய்து பந்தல் சாய்ந்ததைச் சொன்னாள், முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது அவர் டேங்க் உச்சியில் ஏறித் தனியாக உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள், தங்கக்கனி பிறந்த அன்று சந்தோஷத்தில் எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு மெமோ வாங்கியதைச் சொன்னாள், திட்டியதைச் சொன்னாள், திட்டியது தப்பு என்றும் சொன்னாள். அவர் முகம் மெல்ல மெல்ல அவர் முகமாக ஆயிற்று. இரண்டாம் நாள் தீயலில் புளி கூடிவிட்டது என்றார். மூன்றாம் நாள் காலையில், "ஏளா சத்தி, உனக்கு ஏன் இப்படித் தலை நரைச்சிட்டு?" என்று அவள் தலையைத் தடவினார். சமையல்கட்டில் குழாய் திறந்துகொண்டு தண்ணீர் கொட்டியது. அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் மடியில் முகத்தை வைத்து அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

ஊரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். கத்தியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர்கள் கத்தவில்லை, காலிக் குடத்தோடு வெயிலில் நின்றார்கள். ரெஜினா டீச்சர் ஜன்னலோரம் வந்து, "மைனி, எங்க வீட்டுக்காரவிய மூணு நாளா படுக்கையிலயே நனைஞ்சு கெடக்காவ. கழுவிவிட ஒரு குடம் இல்ல. உங்களக் குத்தம் சொல்லல மைனி, சும்மா சொல்லுதேன்" என்றாள். டீச்சர் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருஷமாகிறது. பிரம்மசக்தி தன் வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்து ஜன்னல் கம்பி வழியே செம்பு செம்பாக ஊற்றினாள். ஊற்றும்போது டீச்சரின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

கொம்பையா காதைச் சாய்த்துக் கேட்டார். "வாசல்ல யாரு?"

"யாரும் இல்ல."

"காலிக் குடம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குத சத்தம் எனக்குத் தெரியாதாளா? வெயில்ல நிக்காவ. கதவத் திற."

"திறக்க மாட்டேன்." அவள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "திறந்தா நீங்க என்னைய மறந்துருவீய. நாலு நாளைக்கு முந்தி என்னைப் பாத்து எந்தத் தெருன்னு கேட்டிய. எனக்கு நீங்க வேணும். ஊரு எக்கேடும் கெட்டுப் போகட்டும்."

அவர் அவளையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொன்னதைத் தலைக்குள் கொண்டுபோய் வைக்க அவருக்கு நேரமாயிற்று. அவருக்கும் பயம் வந்தது, கண்ணில் தெரிந்தது. பிறகு, "நான் என்னைக்காவது எந்த வால்வையாவது முழுசா மூடியிருக்கனா?" என்று கேட்டார்.

"இல்ல."

"பொறகென்ன? அரைச் சுத்து விட்டு வைப்பேன். திற."

அதை அவள் நம்பவில்லை. நம்பாமல்தான் திறந்தாள். டீச்சர் வீட்டுக்காரரை நினைத்துத் திறந்தாள், இவர் சொல்லி ஒருநாளும் தட்டியதில்லை என்பதற்காகத் திறந்தாள், தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தை ஒருதடவை முழுதாகப் பார்த்துவைத்துக்கொண்டு திறந்தாள். ஜனங்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தார்கள். திங்கள் தேரடி, செவ்வாய் சந்நிதித் தெரு. அந்த வெள்ளிக்கிழமை அவர் மறுபடி நகர்ந்து இடம் விட்டு, "சொல்லுங்க தாயி, நீங்க எந்தத் தெரு?" என்றார்.

அதிலிருந்து அடுத்த வருஷம் ஆடி மாதம்வரை செங்கரைப்பேரி அவர் தலையிலிருந்துதான் குடித்தது. குழாய்கள் உள்ளே சுருங்கச் சுருங்க, எத்தனை கதை சொல்லியும் ஒவ்வொரு தெருவாக நின்றது. கடைசியில் புதுத் திட்டம் வந்தது, ரோட்டைப் பிளந்து நீல நிற பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள், வரைபடம்கூட வரைந்தார்கள். யாரும் எதையும் ஞாபகம் வைத்திருக்கவேண்டிய அவசியமில்லாத குழாய்கள். ஜனங்கள் வருவது குறைந்து, பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவருவதோடு நின்றது. கொம்பையா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குத் தேரடியும் தெரியாது, டேங்கும் தெரியாது, தன் பெயரும் பாதி நாள் தெரியாது.

புதுக் குழாய் இணைப்புக் கொடுக்க வந்த பிட்டர் சமையல்கட்டில் பழைய குழாயைப் பார்த்துவிட்டு நின்றார். அது சொட்டிக்கொண்டிருந்தது.

"பழைய லைன டேங்க் அடியிலயே அறுத்து மூடி மூணு மாசம் ஆச்சேம்மா. இதுல எப்படி வருது?" குனிந்து தட்டிப் பார்த்தார். "உள்ள நின்ன தண்ணி வடியுதுபோல. ரெண்டு நாள்ல நின்னுரும். மூடி போட்டு அடைச்சிரட்டா?"

"அதுல கை வைக்காதீய!" பிரம்மசக்தி போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்த ஸ்பானர் கீழே விழுந்தது.

இரண்டு நாள் ஆயிற்று, இரண்டு மாதமும் ஆயிற்று, அது நிற்கவில்லை. ஆனால் மெலிகிறது. முன்பு சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவில் அவள் ஒரு மூச்சு விடலாம், இப்போது ஐந்து மூச்சு விடுகிறாள். விடியும்போது கண்ணைத் திறக்காமல் படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள், அது விழுந்த சத்தம் கேட்டபிறகுதான் எழுந்திருப்பாள். ஒருநாள் அது கேட்காமல் போகும் என்று அவளுக்குத் தெரியும்.

குழாய்க்குக் கீழே ஒரு டம்ளர் வைத்திருக்கிறாள். மத்தியானத்துக்குள் அது நிறையும். மாத்திரையோடு அந்தத் தண்ணீரைத்தான் அவருக்குக் கொடுப்பாள். நேற்றும் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாக அவளைப் பார்த்து, கொஞ்சம் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார். "எந்தத் தெருத் தண்ணி தாயி இது?"

"நம்ம வீட்டுத் தண்ணி."

"அப்படியா" என்று தலையாட்டிவிட்டு மீதியைக் குடித்தவர், கடைசி ஒரு வாயை மட்டும் டம்ளரிலேயே விட்டுவைத்து அவளிடம் நீட்டினார். பிரம்மசக்தி செம்பருத்திச் செடிப் பக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு வாயைத் தானே குடித்துவிட்டு, டம்ளரை மறுபடியும் குழாய்க்குக் கீழே கொண்டுபோய் வைத்தாள்.